நிறோஜனின் கலங்கள்

நிறோஜன் ஓட்டத்தில் எப்போதும் கடைசியாகத்தான் வருவான். மன்னார்த் தீவின் பேசாலைக் கடற்கரையில் பிள்ளைகள் வள்ளங்களைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடும்போது அவன் பாதியிலேயே நின்றுவிடுவான். விழுந்தால் சட்டென்று எழும்பமாட்டான். முதலில் குப்புறப் புரண்டு, கைகளை நிலத்தில் ஊன்றி, பிறகு முழங்காலில், பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல எழும்புவான். “இந்த வயசிலயே கிழவனாப் போனான்” என்று தகப்பன் சந்தியோகு பகிடி பண்ணுவார். தாய் லூசியாவும் சேர்ந்து சிரித்தவள்தான்.

அவனுக்கு ஏழு வயதானபோது கொழும்பில் ஒரு டொக்டர் அவனை நிலத்தில் இருத்தி எழும்பச் சொன்னார். ஒரேயொரு தடவைதான். பிறகு பிள்ளையைத் தாதியோடு வெளியே அனுப்பிவிட்டுத் தாய் தகப்பனைக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். லூசியாவின் தங்கச்சி டினோஜா அப்போது கொழும்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். தசை கரைகிற நோய். இன்னும் கொஞ்சக் காலத்தில் நடக்கமாட்டான். அதற்குப் பிறகு கைகள். கடைசியில் மூச்சும் நெஞ்சும். மருந்து இருக்கிறதா என்று சந்தியோகு கேட்டார். டொக்டர் தலையை அசைத்தார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

“எங்கயிருந்து வந்தது இது?” என்று லூசியா கேட்டாள்.

டொக்டரின் பதிலைக் கேட்ட டினோஜா நிலத்தைப் பார்த்தாள். லூசியா அவளுடைய கையைப் பிடித்து உலுக்கினாள்.

“தாய்வழியா வாறது, அக்கா. தாய்க்கு ஒண்டும் செய்யாது. ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் செய்யும்.”

அன்று ஊருக்குப் போகிற பஸ்ஸில் லூசியா மகனை மடியில் சாய்த்தபடியே மன்னார்ப் பாலம் வரை வந்தாள். பிறகொரு நாள் டினோஜாவின் இரத்தத்தையும் சோதித்தார்கள். தாய்வழி வருகிற அந்த மரபணுப் பிழை அவளிடம் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் மூத்தவளுக்கு மட்டும் வந்திருந்தது. அதைப் பற்றி அக்காவும் தங்கச்சியும் ஒருநாளும் கதைத்ததில்லை.

படிப்பு முடிந்ததும் டினோஜா வேறெங்கும் வேலை தேடவில்லை. தசைநோய்களை ஆராயும் சின்ன ஆய்வுகூடம் ஒன்றைப் பேராசிரியர் யசோதரன் கொழும்பில் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே சேர்ந்தாள். நோயாளிப் பிள்ளையின் தொடையிலிருந்து பயறளவு தசை வரும். அதைக் கரைத்து, உயிருள்ள கலங்களை, அதாவது உயிரணுக்களை, பிரித்தெடுத்து, தட்டையான கண்ணாடி போன்ற போத்தல்களில் விட்டு வளர்ப்பது அவளுடைய வேலை. ரோசா நிறத்தில் ஓர் உணவுநீர். மனித உடம்பின் சூட்டில் ஓர் அலுமாரி. வீட்டில் கைக்குழந்தை இருப்பது போலத்தான். ஞாயிறு, பெருநாள் என்று பார்க்க ஏலாது. நேரத்துக்கு உணவு மாற்றவேண்டும், கூட்டம் கூடினால் பிரித்து வேறு போத்தலில் விடவேண்டும், ஒரு தும்மல் பட்டாலும் எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொரு பிள்ளையின் மரபணுவிலும் பிழை விழுந்திருக்கும் இடம் வேறு. ஒருவனுக்குக் கேட்கும் மருந்து மற்றவனுக்குக் கேட்காது. ஆகவே புது மருந்து எதுவானாலும் முதலில் அந்தந்தப் பிழையுள்ள கலத்தில்தான் விட்டுப் பார்ப்பார்கள்.

நிறோஜனின் தொடையிலும் எடுக்கலாமா என்று டினோஜா கேட்டபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. சில்லுக் கதிரைக்கு வந்து நாளாகியிருந்தது.

“அவனிட்ட இருக்கிறதே கொஞ்சம்” என்றார் சந்தியோகு. “அதிலயும் வெட்டி எடுக்கப் போறியளா?”

“எடுக்கட்டும் அப்பா” என்றான் நிறோஜன். “வச்சிருந்து நான் என்ன செய்யிறது?”

கலங்கள் நன்றாக வளர்ந்தன. டினோஜா நுணுக்குக்காட்டியில் கமராவைப் பொருத்தி, விட்டு விட்டுப் படம் பிடித்து, அவற்றை ஒன்றாக ஓடவிட்டு அவனுக்குப் போனில் அனுப்பினாள். நீண்டு மெலிந்த உருவங்கள் தரையில் ஊர்ந்தன, நின்றன, தலையைத் திருப்பி வேறு பக்கம் போயின.

“சின்னம்மா, இவையள் எங்க போகினம்?”

“ஒருத்தரையொருத்தர் தேடிப் போகினம். கனபேர் சேர்ந்து ஒட்டினாத்தான் தசை நார் ஒண்டு வரும்.”

அவன் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் எல்லாருக்கும் காட்டினான். “வடிவாப் பாருங்கோடா. நான் கொழும்பில நடந்து திரியிறன்.” சந்தியோகுவும் எட்டிப் பார்த்தார். “கலமெண்டா மரக்கலம் எண்டுதான் நாங்கள் படிச்சது” என்று சொன்னவர், படம் முடியுமுன்னமே எழுந்து மீன்வாடிப் பக்கம் போய்விட்டார்.

கொரோனாக் காலத்தில் நிறோஜனுக்குத் தடிமன் பிடித்து நெஞ்சில் இறங்கியது. கொரோனா இல்லை, சாதாரணச் சளிதான். ஆனால் இருமித் துப்புவதற்கு அவனுடைய நெஞ்சில் பலம் இருக்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் தாயின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினான். பதினாறு வயது. ஊரடங்கு போட்டிருந்ததால் டினோஜாவால் வரமுடியவில்லை. சுவாமியார் குழிக்கு மேலே தண்ணீர் தெளிப்பதையும், அக்கா முழங்காலில் விழுவதையும் ஒரு சொந்தக்காரர் போனில் காட்டினார். படம் அடிக்கடி நின்றது. பார்த்து முடிந்ததும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனாள். அன்று கலங்களுக்கு உணவு மாற்றவேண்டிய நாள்.

அதற்குப் பிறகுதான் லூசியா அடிக்கடி போன் எடுக்கத் தொடங்கினாள். முதலில் “அந்தக் கலங்கள் இன்னும் இருக்கோ?” என்று கேட்டாள். பிறகு “எப்பிடி இருக்கு?” என்றாள். கொஞ்சக் காலம் போனதும் “மகன் எப்பிடி இருக்கிறான்?” என்று கேட்டாள். திருத்தலாமா என்று டினோஜா யோசித்தாள். பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

“எல்லாத்தையும் குப்பியளில போட்டு உறையவச்சிருக்கிறம், அக்கா. நைதரசன் எண்டு ஒரு திரவம், பனிக்கட்டியை விட எவ்வளவோ மடங்கு குளிர். அதுக்குள்ள ஒண்டும் வளராது, ஒண்டும் சாகாது. நித்திரை மாதிரி.”

“எழுப்பினா எழும்புவானோ?”

“ஓம். எப்ப வேணுமெண்டாலும் எழுப்பலாம்.”

அந்தச் சொல் லூசியாவுக்குப் போதுமாக இருந்தது. அவள் மறுபடி சமைத்தாள், கருவாடு காயப்போடப் போனாள், பூசைக்குப் போனாள். சந்தியோகுவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஒருநாள் போனை வாங்கி, “பிள்ளை, அவளுக்கு இப்பிடிச் சொல்லிக் குடுக்காத” என்றார். “மகன் சேமக்காலையில கிடக்கிறான். நான்தான் குழிக்குள்ள இறக்கினனான். பாதி இங்க, பாதி அங்க எண்டு ஒருத்தன் இருக்க ஏலாது.” யார் சொல்வது சரி என்று டினோஜாவுக்கும் தெரியவில்லை. ஆய்வுகூடத்தில் அவனுடைய குப்பிகளில் ஓர் இலக்கம் மட்டும்தான் எழுதியிருந்தது. நைதரசன் தொட்டியைத் திறக்கும்போது வெண்புகை எழும்பும். அதற்குள் அந்த இலக்கத்தைக் காணும்போது அவளுக்கும் நெஞ்சு ஒருதரம் அடித்துக்கொள்ளும்.

மறுவருடம் நாடு கவிழ்ந்தது. பெற்றோல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை, பால்மா இல்லை. அரைநாளுக்கு மேலாகக் கரண்டை வெட்டினார்கள். நைதரசன் தருகிற ஆலையும் நின்றுபோனது. தொட்டியில் இருக்கிற நைதரசன் நாளுக்கு நாள் ஆவியாகிப் போகும். நிரப்பாவிட்டால் குப்பிகள் எல்லாம் சூடேறிச் செத்துவிடும். ஆய்வுகூடத்தில் ஒரு மரக்கோலை விட்டு ஆழம் பார்த்தபடி இருந்தார்கள். பேராசிரியர் யசோதரன் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கெஞ்சினார். கடைசியில் மாடுகளுக்கு உறைவிந்தால் சினைப்படுத்துகிற பகுதிக்காரர் ஒருவர் இரங்கி, தங்களுடைய சின்னத் தாங்கி ஒன்றைப் பாதி நைதரசனோடு தந்தார். பால்குடம் போன்ற ஒன்று. பெரிய தொட்டியில் இருந்தவற்றில் ஒரு பங்குதான் அதற்குள் அடங்கும்.

“உயிரோட இருக்கிற பிள்ளையளின்ரயை முதல் வையுங்கோ” என்றார் பேராசிரியர். “ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு குப்பி. ஒண்டு எழும்பாட்டி மற்றது வேணும். இடம் மிஞ்சினா மற்றவையளின்ர.” பிறகு டினோஜாவின் முகத்தைப் பார்த்தார். “நீர் வெளியில நில்லும். நான் செய்யிறன்.”

“இல்லை சேர். நானே செய்யிறன்.”

தடித்த கையுறை போட்டுக்கொண்டு அவள் ஒவ்வொன்றாக மாற்றினாள். இடம் வேகமாக நிறைந்தது. கடைசியில் ஒரேயொரு பொந்து மிஞ்சியது. கையில் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று நிறோஜனுடையது. மற்றது முசலியைச் சேர்ந்த றிஸ்லான் என்ற பையனின் இரண்டாவது குப்பி.

றிஸ்லானை அவளுக்குத் தெரியும். மன்னாரில் நடந்த மருத்துவ முகாமுக்குத் தாய் றுஷ்தா அவனைக் கூட்டிவந்திருந்தாள். எட்டு வயது, நுனிக்காலில் நடப்பான், வாய் ஓயாது. அவனுடைய தசையிலிருந்து இரண்டே இரண்டு குப்பிதான் தேறியிருந்தது. முதலாவதை ஏற்கெனவே உள்ளே வைத்தாயிற்று. ஒன்று போதாதா என்று டினோஜா ஒரு கணம் நினைத்தாள். பேராசிரியர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவள் எதைச் செய்தாலும் அவர் கேட்கப்போவதில்லை என்பது அந்த முதுகைப் பார்த்தாலே விளங்கியது.

அவள் றிஸ்லானின் குப்பியை வைத்து மூடியை மூடினாள்.

நிறோஜனின் குப்பிகளைச் சும்மா சாகவிட அவளால் முடியவில்லை. பேராசிரியரிடம் கேட்டு, அவற்றை எழுப்பி மறுபடி போத்தலில் விட்டாள். எழும்பின. தரையில் ஒட்டிப் பிடித்து நீளத் தொடங்கின. ஆனால் வெதுவெதுப்பான அலுமாரிக்குக் கரண்ட் வேண்டும். ஜெனரேற்றருக்கு டீசல் முடிந்த அன்று அலுமாரி ஆறத் தொடங்கியது. டினோஜா போத்தலை இறுக்கி மூடி, இரண்டு பைகளில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு வைத்து, மேலே சால்வையால் கட்டிக்கொண்டு கதிரையில் அசையாமல் இருந்தாள். அப்படிச் செய்வது எல்லா விதிகளுக்கும் மாறானது. உள்ளே வந்த பேராசிரியர் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார். கரண்ட் வந்ததும் அலுமாரிக்குள் வைப்பாள். போனதும் எடுத்துக் கட்டிக்கொள்வாள். பகல் முழுக்க அப்படி இருந்தாள். கலியாணம் கட்டாத அவளுக்கு அந்தச் சின்னப் பாரம் விசித்திரமாக இருந்தது.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு காலை ரோசா நிறம் மஞ்சளாகி, உணவுநீர் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. கிருமி புகுந்துவிட்டது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கலங்கள் உருண்டு சுருங்கி, தரையை விட்டு மிதந்துகொண்டிருந்தன. இனி அந்தப் போத்தலை வைத்திருந்தால் மற்றவைக்கும் தொற்றும். எல்லாம் சாகும்படி வெளிற்றும் திரவத்தைத் தானே ஊற்றினாள். ஊற்றும்போது ‘அருள்நிறைந்த மரியே’ என்று செபத்தைத் தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவுக்கு இதை முகம் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பஸ் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நேரம். புத்தளம் வரை நின்றுகொண்டு வந்தாள். பேசாலையில் இறங்கியபோது வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. சந்தியோகு வாசலில் நின்று, கடற்கரையோரம் சுழலும் காற்றாலைகளைக் கையால் காட்டினார். “பாத்தியா பிள்ளை, அது பாட்டுக்குச் சுத்துது. எங்கட வீட்டில கரண்ட் இல்லை.”

லூசியா முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தங்கச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறாய்! மெலிஞ்சு போனாயடி. மகன் எப்பிடி இருக்கிறான்?”

டினோஜா சொன்னாள். நைதரசன் முடிந்ததை, சின்னத் தாங்கியை, போத்தலில் விட்டு வளர்த்ததை, மஞ்சளானதை எல்லாம் சொன்னாள். சொல்லி முடியும்வரை லூசியா சுளகை மடியிலிருந்து இறக்கவில்லை.

“எல்லாற்ற பிள்ளையளின்ரயும் போனதோ?”

“இல்லை அக்கா. உயிரோட இருக்கிற பிள்ளையளின்ர இருக்கு.”

“அப்ப இவன்ரயை வேண்டாமெண்டு விட்டது ஆர்?”

பேராசிரியரின் கட்டளை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

“நான்தான். கடைசியா ஒரு இடம்தான் இருந்தது. முசலிப் பெடியன் ஒருத்தன்ரயை வச்சன்.”

“இவன்ரயை கையில பிடிச்சிருந்தனீயா?”

“ஓம்.”

“பிடிச்சிருந்து விட்டிட்டாய்.” லூசியாவின் குரல் உயரவில்லை. “ஒருக்கா நான் கையைப் பிடிச்சிருக்கேக்க போனான். நான் என்ன செய்யிறது, கடவுள் எடுத்தவர். நீ கடவுளோ? உன்னை ஆர் தெரிஞ்செடுக்கச் சொன்னது?”

“அக்கா, அந்தப் பெடியன் இன்னும்...”

“உனக்கு விளங்காது. உனக்குத்தான் ஒண்டுமில்லையே. அம்மா எல்லாத்தையும் எனக்குத் தந்திட்டுப் போயிட்டா.” அவள் எழும்பினாள். மடியிலிருந்த சுளகு சரிந்து அரிசி மண்ணில் கொட்டுண்டது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டினோஜா மண்ணிலிருந்து அரிசியை அள்ளினாள். அந்த நாட்களில் அரிசியைச் சிந்தவிட ஏலாது. மாலைவரை காத்திருந்தும் கதவு திறக்கவில்லை. சந்தியோகு அவளை பஸ் எடுக்கிற இடம் வரை கூட்டிக்கொண்டு போனார். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் கேட்டார்.

“பிள்ளை, அதை எங்க போட்டனீங்கள்?”

“மருந்து ஊத்தினாப் பிறகு... எரிக்கிறது, அத்தான். அப்பிடித்தான் சட்டம்.”

“ஆராவது ஒரு செபம் சொன்னியளோ?”

“நான் சொன்னனான். முழுக்கச் சொல்ல ஏலாமப் போச்சு.”

மகனைக் குழியில் இறக்கிய அன்றும் அழாதவர் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மனிதர் தோளிலிருந்த துவாயை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு, வேலிக்கம்பியைப் பிடித்தபடி குலுங்கினார். கொழும்பில் ஒன்றும் இல்லை, எல்லாம் சேமக்காலையில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் உள்ளூர எதையோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பஸ் வந்து நின்றது. டினோஜா ஏறாமல் நின்றாள். “போ, போ, இதை விட்டா வேற இல்லை” என்று அவர் கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு லூசியா போன் எடுக்கவில்லை. டினோஜா எடுத்தாலும் சந்தியோகுதான் கதைப்பார். “சுகமா இருக்கிறாள். கோயிலுக்குப் போட்டாள்” என்பார். நத்தார்ப் பண்டிகை வந்துபோனது. நிறோஜனின் ஆண்டுத் திவசத்துக்கு டினோஜா வந்தாள். சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போது லூசியா குழியின் மறுபக்கத்தில் நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தாள். தங்கச்சியின் கோப்பையை இன்னொருத்தியிடம் கொடுத்து அனுப்பினாள்.

நாட்டுக்கு மெல்ல மெல்ல கரண்டும் எண்ணெயும் திரும்பின. நைதரசனும் வந்தது. றிஸ்லானின் முதலாவது குப்பி எழும்பவே இல்லை. இரண்டாவது எழும்பியது. அதில் ஒரு மருந்தை விட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் வேலை செய்வதுபோலத் தெரிந்தது. போத்தலில் வேலை செய்வதற்கும் பிள்ளையின் உடம்பில் வேலை செய்வதற்கும் இடையில் வருடக்கணக்கான தூரம் இருந்தது. றுஷ்தா போனில் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தூரத்தை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று டினோஜா தடுமாறினாள். நிறோஜனிடம் இருந்த பிழை அரிதானது. அதற்கு இப்போது நாட்டில் கலங்கள் இல்லை. “தாயிட்ட எடுக்கலாம்” என்று பேராசிரியர் ஒருமுறை சொன்னார். தாயின் கலங்களில் சிலவற்றில் அந்த மரபணுவின் நல்ல பிரதி வேலை செய்யும், சிலவற்றில் மகனுக்குக் கொடுத்த அதே பிழைப் பிரதி. ஒவ்வொரு கலமாகப் பிரித்து வளர்த்தால் அந்தப் பிழை கிடைக்கும். டினோஜாவுக்கு அது தெரியாததல்ல. அக்காவிடம் போய் இன்னொன்றும் தா என்று கேட்கிற முகம் அவளுக்கு இருக்கவில்லை.

ஒரு நாள் வாசற்காவலாளி, யாரோ ஊரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் லூசியா. கையில் பை, அதிலிருந்து கருவாட்டு மணம். தலைமயிர் நன்றாக நரைத்திருந்தது.

இருவரும் படிக்கட்டில் இருந்தார்கள். லூசியா ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“போன மாசம் கோயில்ல முழங்கால்ல இருந்து எல்லாரும் எழும்பேக்க, எனக்கு முன்னால ஒரு சின்னப் பெடியன் தொடையில கையூண்டி எழும்பினான். ஆரெண்டு பாத்தா, அம்மாவின்ர வழிச் சொந்தம். பெத்தம்மாவின்ர தங்கச்சியின்ர பேத்தியின்ர பிள்ளை. தாய் அவனைப் பாத்துச் சிரிக்கிறா. என்ன செல்லமா எழும்புறான் பாருங்கோ எண்டு என்னட்டச் சொல்லுறா.”

டினோஜா அவள் பக்கம் திரும்பினாள்.

“நான் சொன்னனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ எண்டு. ஏனெண்டு கேட்டாள். சொல்லவேண்டியதாப் போச்சு. அவள் என்ர முகத்தைப் பாத்த பார்வை...” லூசியா நிறுத்தினாள். “அண்டைக்கு டொக்டர் சொல்லச் சொல்ல நீ எனக்குச் சொன்னனீயே. உனக்கு எத்தினை வயசு அப்ப? இருவதும் இல்லை. அவளுக்குச் சொல்லிப்போட்டு வீட்டுக்கு வரேக்கதான் உன்ர நினைவு வந்தது.”

“அக்கா...”

“கோவம் போகேல்லையடி. அது போகாது போல கிடக்கு. நீ வேணுமெண்டு செய்யேல்லை எண்டு தெரியும், எண்டாலும் போகுதில்லை.” அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “அவளின்ர பெடியனுக்கும் இவன்ர பிழைதானே இருக்கும்?”

“அப்பிடித்தான் இருக்கவேணும்.”

“அப்ப இவன்ரயை வச்சுத்தான் அவனுக்குப் பாத்திருக்கலாம். இப்ப அவன்ரயை வெட்டவேணும். நாலு வயசு. வெட்டவேண்டாம். என்னில எடுங்கோ. என்னிலயும் கிடக்கெண்டுதானே சொன்னனீங்கள்.”

ஆஸ்பத்திரியில் தொடையை மரக்கப்பண்ணித் துளித் தசை எடுத்தார்கள். லூசியா கூரையைப் பார்த்தபடி செபமாலை உருட்டினாள். ஊசி போடும்போது மட்டும் தங்கச்சியின் கையைத் தேடினாள். தையல் வெட்டும்வரை டினோஜாவின் வாடகை அறையில் தங்கினாள். சமைத்தாள், அறையின் யன்னல் திரையைத் துவைத்தாள். நிறோஜனைப் பற்றி இருவரும் அதிகம் பேசவில்லை.

புறப்படுகிற அன்று டினோஜா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “பாக்கப் போறீங்களா? வளரத் தொடங்கியிருக்கு.”

லூசியா நுணுக்குக்காட்டியில் குனிந்தாள். முதலில் இமை மயிரைத்தான் பார்த்தாள், பிறகு பழகியது. நெடுநேரம் நிமிரவில்லை.

“இது நான்தானே?”

“ஓம், அக்கா.”

“அதே மாதிரித்தான் கிடக்கு.”

“எல்லாற்றயும் இப்பிடித்தான் இருக்கும்.”

“அவன் இல்லை.”

“இல்லை, அக்கா.”

லூசியா நிமிர்ந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியில் ஈரம் பட்டிருந்தது. அதையும் துடைக்கப் போனவளை டினோஜா தடுத்து, தானே மெல்லிய தாளால் துடைத்தாள்.

புறக்கோட்டையில் மன்னார் பஸ் நிறைந்து நின்றது. லூசியாவின் கால் இன்னும் இழுத்தது. தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி, யன்னலோரம் இருந்தாள். சாரதி இயந்திரத்தை முடுக்கியபோது தலையை வெளியே நீட்டினாள்.

“அந்த முசலிப் பெடியன், நீ வச்சனீயே. நடக்கிறானோ?”

“போன மாசத்தோட நடை நிண்டுட்டுது, அக்கா. தாய் தூக்கித்தான் திரியிறா.”

லூசியா யன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள். பஸ் அசைந்தது. அப்போதுதான் அவசர அவசரமாகச் சொன்னாள்.

“தாய்க்குச் சொல்லு. அக்குளுக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கவேண்டாம். தோளில பலமிருக்காது, வழுகிப் போவான். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தொடைக்குக் கீழ. கதிரையில இருத்தேக்க கால் தொங்கவிடக்கூடாது, வீங்கும். படுக்கேக்க ஒரே பக்கமா விடாமல் திருப்பிப் போடச் சொல்லு. எழும்பிக் கேக்கமாட்டான், தாய் பாவமெண்டு பேசாமக் கிடப்பான். கேக்காட்டியும் திருப்பச் சொல்லு...”

பஸ் நகர்ந்தது. டினோஜா கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள். லூசியா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கையால் தூக்குவதுபோலவும் திருப்புவதுபோலவும் காட்டிக்கொண்டிருந்தது மட்டும், பஸ் திரும்பும்வரை தெரிந்தது.